ஆலடித்தோப்பு மோப்பான்

போதையை ஒழிக்க நம்ம அரசாங்கம் செய்யாதது இல்லை. பிடித்துப் பார்த்தார்கள், அடித்துப் பார்த்தார்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி உறுதிமொழி எடுக்க வைத்தும் பார்த்தார்கள். எத்தனை பேரைப் பிடித்தோம் என்று வருடா வருடம் மார்தட்டினார்கள். பிடிபடுகிறவர்கள் கூடிக்கொண்டே போனதால் போதை ஒழிகிறதா வளர்கிறதா என்று ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் ஒரு மகராசன், ஆட்களை எண்ணுவதை விட்டுவிட்டுச் சாக்கடையைச் சோதிக்கலாம் என்று யோசனை சொன்னார். மனுஷன் பொய் சொல்வான், மூத்திரம் சொல்லாது என்பது அவருடைய வாதம்.

அப்படி வந்ததுதான் மோப்பான். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு, மதுரையில் யாரும் அதைச் சொன்னதில்லை. ஒவ்வொரு வார்டின் சாக்கடையும் பெருங்கால்வாயில் சேரும் இடத்தில் ஓர் இரும்புக் கூண்டுக்குள் அது உட்கார்ந்திருக்கும். உடம்புக்குள் போன போதை கழிவாக வெளியே வந்து அளவைத் தாண்டினால், வார்டு முனையில் சங்கு ஊதும். ஊதிய கையோடு குடிதண்ணீர் வால்வு தானாக மூடிக்கொள்ளும். மோப்பானுக்குத் திருப்தி ஆகும்வரை அந்த வார்டுக்குக் குழாயில் காற்றுதான்.

கோட்டைமேட்டில் அதைப் பொருத்த வந்த பொறியாளர் பெண்ணிடம் இன்ஸ்பெக்டர் இளம்பரிதி கேட்டார்.

"ஏம்மா, இது யாருன்னு ஆளக் காட்டிக் குடுக்குமா?"

"காட்டாது சார். இந்தச் சாக்கடைக்குள்ள என்ன வந்துச்சுன்னு மட்டும் சொல்லும்."

"எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு?"

"அதுவும் சொல்லாது. அதக் கண்டுபிடிக்கத்தான நீங்க இருக்கீங்க" என்று சிரித்தாள் அந்தப் பெண். இளம்பரிதியும் சிரித்தார். அப்போது அது நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது.

கோட்டைமேட்டில் முதல் சங்கு ஊதிய அன்று இளம்பரிதி லத்தியோடு இறங்கினார். கண் சிவந்தவன், கன்னம் ஒட்டியவன், ஓடியவன், ஓட முடியாமல் நின்றவன் என்று எல்லாரையும் போட்டுச் சாத்தினார்கள். மீன் மார்க்கெட் வாசலில் ஒருவனுக்கு மணிக்கட்டு இரண்டாக மடங்கித் தொங்கியது. வீட்டுக்குள் ஒளிந்தவர்களைத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து, மேலூர் தாண்டி இருந்த நல்வாழ்வு முகாமுக்கு வண்டி ஏற்றினார்கள். அங்கே போதையை ஒரே நாளில் நிறுத்துவார்கள். வலிப்பு வந்தால் கட்டிப் போடுவார்கள். திரும்பி வந்தவர்களில் ஒருவன் தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பியிருந்தான். வராதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அடுத்த வாரம் மறுபடியும் சங்கு ஊதியது.

ஏட்டு மரியதாஸ்தான் அந்த வழியைச் சொன்னது. ஸ்டேஷனிலேயே நரைத்த மனுஷர், யாரையும் தேவையில்லாமல் அடிக்காதவர்.

"ஐயா, அடிச்சு நிறுத்த முடியாதுய்யா இதை. மருந்து இல்லாட்டியும் சாவாய்ங்க, முகாமுக்குப் போனாலும் சாவாய்ங்க. நமக்கு என்ன, சாக்கடைல வரக் கூடாது, அம்புட்டுத்தான?"

"அதுக்கு என்னய்யா பண்ணச் சொல்ற?"

"கக்கூசுக்குப் போகாம கேன்ல போகச் சொல்லுவோம். முகாம்னு சொன்னா செய்வாய்ங்க. நம்மளே எடுத்துட்டுப் போயி வேற எங்கிட்டாவது ஊத்திருவோம்."

"சீ" என்றார் இளம்பரிதி. ஆனால் அன்று காலையில்தான் ஒரு தாய் முகாமிலிருந்து திரும்பாத தன் மகனுடைய சட்டையை எடுத்து வந்து, மகனைக் கேட்டுவிட்டுப் போயிருந்தாள். சரி என்று தலையாட்டினார்.

அதிலிருந்து கோட்டைமேட்டில் தண்ணீர்க் கேன் டெம்போ ஒன்று காலை வேளையில் சந்து சந்தாகப் போனது. நல்ல தண்ணீரை இறக்கிவிட்டு, சில வீடுகளில் மட்டும் வேறு கேனை ஏற்றிக்கொண்டது. போதை ஒரு சொட்டும் குறையவில்லை, சாக்கடை மட்டும் திருந்திவிட்டது. சங்கு ஊதாத வார்டு என்று இளம்பரிதிக்குப் பதக்கம் குத்தினார்கள்.

எங்கே ஊற்றுவது என்பதுதான் சிக்கலாக இருந்தது. காலி மனையில் கொட்டினால் நாற்றம் ஊரைக் கூட்டிவிடும். ஆற்றுக்கும் ஒரு மோப்பான் வைத்திருந்தார்கள். வடக்கே பெரிய மனிதர்களின் பங்களாக்கள். கிழக்கே ஆலடித்தோப்பு. அங்கே மூடிப்போன நூல் மில்லுக்குப் பின்னால் ஆள் வராத இடத்தில் ஒரு சாக்கடை மூடி இருந்தது.

"ஆலடித்தோப்புல எங்கக்கா இருக்குய்யா" என்றார் இளம்பரிதி.

"தண்ணிதானய்யா நிக்கும்? நம்ம வண்டியிலயே அக்காவுக்கு நல்ல தண்ணி இறக்கிருவோம்."

அக்காவுக்குத் தண்ணீர் மட்டும் கிடைத்துவிட்டால் போதும் என்றுதான் தம்பிக்கும் தோன்றியது. அவ்வளவுதான் அவர் யோசித்தது.

அக்கா வினோதினிக்கு ஒரே மகன், யுகன். அப்பா இல்லாத பிள்ளை. எட்டாவது படிக்கும்போதே அவனுக்குச் சர்க்கரை வந்துவிட்டது. வயதானவர்களுக்கு வருகிற சர்க்கரை இல்லை, தினமும் ஊசி போட்டால்தான் உயிர் நிற்கும் என்கிற வகை. அதை வினோதினி தெருவில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. நாளைக்கு அவனுக்கு ஒரு கல்யாணம் காட்சி நடக்க வேண்டாமா? சீக்காளி என்று பேர் விழுந்தால் எவன் பெண் கொடுப்பான்? ஊசியை அவன் குளியலறைக்குள் போய்ப் போட்டுக்கொள்வான். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பாயசத்தை மறுக்க முடியாமல் குடித்துவிட்டு, வீட்டுக்கு ஓடிவந்து கூடுதலாக ஒரு ஊசி போட்டுக்கொண்டதும் உண்டு. தெரிந்தவர் தாய்மாமன் ஒருவர்தான்.

ஆலடித்தோப்பில் சங்கு ஊதத் தொடங்கியபோது சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. லாரித் தண்ணீருக்கு அடிதடி. குடத்தால் அடித்துக்கொண்டதில் ஒரு பெண்ணுக்குக் காது அறுந்தது. சாமான் கழுவத் தண்ணீர் இல்லை, பிள்ளைகளுக்குச் சிரங்கு. வார்டு காவல் குழு என்று ஒன்று கிளம்பியது. அதற்குத் தலைவர் ஹார்டுவேர் கடை பாலமுரளி. கோயில் கமிட்டியில் இருக்கிறவர், யாருக்கு ரத்தம் வேண்டுமென்றாலும் முதல் ஆளாகப் போய்க் கொடுக்கிறவர். சந்தேகப்பட்டவர்களைக் குழு பிடித்து முகாமுக்குக் கொடுத்தது. கொடுத்தும் சங்கு நிற்கவில்லை. கோட்டைமேட்டு டெம்போ வந்து போய்க்கொண்டிருக்கும்வரை அது எப்படி நிற்கும்?

அன்றைக்கு யுகன் கூரியர் கோடவுனில் ஷிப்டு முடித்துவிட்டு மத்தியானம் பஸ் இறங்கினான். சாப்பிட நேரமாகிவிட்டது. ஊசி போட்டவன் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும், கை நடுங்கும், நாக்குக் குழறும், தலை நிற்காது. டீக்கடை பெஞ்சில் சரிந்து உட்கார்ந்து, "அண்ணே... சீனி... சீனி நெறையப் போட்டு..." என்றான். வேர்த்துக் கொட்டியது. டீக்கடைக்காரர் அவனைப் பார்த்தார். எதிரே சங்கு அலறிக்கொண்டிருந்தது.

"முரளிண்ணே, இங்க வாங்க!"

பையைப் பிடுங்கிக் கொட்டினார்கள். சோற்று டப்பா, சட்டை, சீப்பு. அப்புறம் ஊசி.

தெருவே வந்து சூழ்ந்தது. பிறகு ஆளுக்கொரு கை விழுந்தது. யாரோ சட்டையைக் கிழித்தார்கள். வயிற்றிலும் தொடையிலும் ஊசி போட்ட புள்ளிகள். அதைப் பார்த்ததும் பெண்களும் இறங்கினார்கள். அவன் எழுந்திருக்கப் பார்த்தான், கால் நிற்கவில்லை. அதையும் போதை என்றே எடுத்துக்கொண்டார்கள். வினோதினி செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"அது இன்சுலின்! எம்புள்ளைக்குச் சர்க்கரைங்க! விடுங்கய்யா, அது மருந்து!"

"பத்தொம்பது வயசுப் பயலுக்குச் சர்க்கரையா?" என்றார் பாலமுரளி.

"எட்டாவது படிக்கிறப்பருந்து இருக்குண்ணே. சாமி சத்தியமா!"

"இத்தனை வருசமா எங்க யாருக்கும் தெரியாத சர்க்கரை இன்னைக்கு எங்கருந்தும்மா வந்துச்சு? பக்கத்து வீட்டுக்காரிக்குத் தெரியுமா? ஏம்மா, தெரியுமா ஒனக்கு?"

பக்கத்து வீட்டுக்காரி இல்லையென்று தலையாட்டினாள். அவள் பொய் சொல்லவில்லை.

பாலமுரளியின் கடையிலிருந்து ஜி.ஐ. பைப் வந்தது. முதல் அடி முழங்காலில். இரண்டாவது அடியை யுகன் கையால் தடுத்தான், முழங்கை பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டது. அம்மாவைப் பார்த்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், ஒருவன் வாயிலேயே மிதித்தான். வினோதினி அவன் மேல் விழுந்தாள். கூந்தலைப் பிடித்துத் தூக்கி அப்பால் எறிந்தார்கள். அடிக்கிறவர்கள் அத்தனை பேரையும் அவளுக்குத் தெரியும். அவர்களில் இருவர் போன தீபாவளிக்கு அவள் கையால் அதிரசம் வாங்கித் தின்றவர்கள். தலையில் விழுந்த அடிக்குப் பிறகு சத்தம் மாறியது, ஈர மூட்டையை அடிப்பது போல. அப்புறமும் அடித்தார்கள்.

இளம்பரிதியின் ஜீப் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் மருமகனைப் பார்த்தார். துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் பாலமுரளியின் வாயில் இடித்தார். பற்கள் சிதறின. இன்னொரு முறை இடிக்கக் கையை ஓங்கியபோது அந்த வார்டு போலீஸ்காரர்கள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். "சார், இது உங்க லிமிட் இல்ல சார்" என்றார்கள். அடையாளம் தெரியாத நபர்கள் மேல் வழக்குப் பதிவானது.

அன்று சாயங்காலமே மரியதாஸைக் கூப்பிட்டு, "இனிமே ஒரு சொட்டு அங்க போகக் கூடாது" என்றார் இளம்பரிதி. கேன்களை ஸ்டேஷன் பின்கட்டில் அடுக்கினார்கள். மரியதாஸ் சுவரில் சாய்ந்து நின்று அழுதார்.

மறுநாள் மார்ச்சுவரியிலிருந்து உடலைக் கொண்டுவந்தார்கள். தம்பி அனுப்பிய டெம்போவும் நின்றுபோனதால் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லை. இரண்டு குடத்துக்கு எங்கே போவது என்று சொந்தக்காரர்கள் நின்றபோது, முற்றத்துக் குழாய் செருமியது. காற்றைக் கக்கிவிட்டுத் தண்ணீர் கொட்டியது. தெரு முழுக்கக் குழாய்கள் கொட்டின. எங்கோ கை தட்டினார்கள், ஒரு சரவெடிகூட வெடித்தது.

"பாத்தியா, ஆளு போனான், சங்கு நின்னுருச்சு" என்று வாசலில் ஒருவன் சொன்னது உள்ளே தெளிவாகக் கேட்டது.

அந்தத் தண்ணீரில்தான் மகனைக் குளிப்பாட்டினாள் வினோதினி. பிற்பாடு, ரத்தத்தில் எந்தப் போதையும் இல்லை என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. மாமன் இன்ஸ்பெக்டர், ரிப்போர்ட்டை மாற்றத் தெரியாதா என்று ஊர் சிரித்தது. மோப்பானை யாரால் மாற்ற முடியும்?

இளம்பரிதியால் தாங்க முடியவில்லை. மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர், "மனசு சரியில்ல உங்களுக்கு, லீவு போட்டுட்டுப் போங்க. மாநிலத்துல போதை இவ்வளவு கொறஞ்சிருக்கு, நீங்க என்ன பேசுறீங்க?" என்றார். ஆலடித்தோப்பு முச்சந்தியில் நின்று கூட்டத்தின் முன்னாலும் சொன்னார். நான்தான் ஊற்றினேன், என் மருமகன் ஒரு பாவமும் அறியாதவன் என்று கத்தினார். கட்டுப்போட்ட தாடையோடு பாலமுரளி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க எம்பல்லை ஒடச்சதுக்குக்கூட நான் கேஸ் குடுக்கல. தாய்மாமன் சார் நீங்க. துடிக்கத்தான் செய்யும். மருமகனுக்காகப் பழியத் தூக்கித் தன் தலைல போட்டுக்கிறீங்க பாருங்க, அந்த மனசு யாருக்கு வரும்?"

அந்த ஆள் கேலி செய்யவில்லை. கண் கலங்கித்தான் சொன்னார். அதுதான் இளம்பரிதியை அடித்துப் போட்டது.

நம்பியது ஒரே ஒரு ஆள், வினோதினி. தம்பி தரையில் உட்கார்ந்து சொல்லி முடிக்கும்வரை அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தண்ணி இறக்குச்சே, அந்த வண்டியாடா?"

அவர் தலையாட்டினார். அவள் பக்கத்தில் இருந்த பித்தளைச் செம்பை எடுத்து அவர் முகத்தில் அடித்தாள். புருவம் கிழிந்து ரத்தம் வழிந்தது. மறுபடி அடித்தாள். அவர் கையைத் தூக்கவில்லை. அவளுக்கே கை ஓய்ந்த பிறகு மூச்சு வாங்கக் கேட்டாள்.

"மிச்சம் இருக்கா அது?"

"இருக்குக்கா."

"ஊத்து."

"அக்கா..."

"சங்கு மறுபடி ஊதணும். எம்புள்ள செத்த பெறகும் ஊதுதுன்னா அப்பத் தெரியும்ல, அவன் இல்லன்னு? ஊத்துடா."

"இன்னொரு புள்ளைய அடிப்பாய்ங்கக்கா."

"அடிக்கட்டும். எம்புள்ளைய அடிக்கிறப்ப எவன் தடுத்தான்? அவன் உசுரத்தான் குடுத்துட்டேன், அவன் பேரையும் குடுக்கணுமா?"

அவர் மறுத்தார். அவளே வீட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். கேனைத் தூக்கி முன்னால் வைத்தபோது எந்தப் போலீஸ்காரனும் அவளைத் தடுக்கவில்லை. இளம்பரிதி ஜீப்பில் பின்னாலேயே போனார். தடுக்க அவருக்கு என்ன வாய் இருந்தது? மில்லுக்குப் பின்னால் அவள் கடப்பாரையால் மூடியை நெம்பி, கேனைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டுவரை ஊற்றினாள்.

அவள் தெருவுக்குத் திரும்பி வருவதற்குள் சங்கு ஊதிவிட்டது. குழாயடியில் பாதிக் குடத்தோடு தண்ணீர் நின்றது. சனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வினோதினி முச்சந்தியில் நின்று மார்பில் அறைந்துகொண்டாள்.

"கேளுங்கடா! நல்லாக் காதக் குடுத்துக் கேளுங்கடா! எம்புள்ள சாம்பலாப் போயிட்டான். இப்ப எவன்டா? சொல்லுங்கடா, இப்ப எவன்?"

டீக்கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தச் சில நொடிகள் அவள் ஜெயித்துவிட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்ப ரெண்டு பேருடா" என்றார் பாலமுரளி மெதுவாக.

அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது. எல்லார் முகத்திலும் உயிர் வந்தது. அவன்கூடச் சுற்றியவன் எவன் என்று ஒருவன் கேட்டான். ஆதிஷ் என்று நாலு பேர் சொன்னார்கள். யுகனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவன், பாடைக்குத் தோள் கொடுத்தவன். மூன்று வீடு தள்ளி அவன் வீடு. கதவை உடைத்து, சோற்றுக் கையோடு அவனை இழுத்து வந்தார்கள். அவன் அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இளம்பரிதி துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டார். பின்னாலிருந்து விழுந்த கல்லில் மண்டை உடைந்து சரிந்தார். துப்பாக்கியைப் பிடுங்கிக் கூரைமேல் வீசினார்கள். ஆதிஷின் தோளில் பைப் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது.

"அவன விடுங்கடா. நான்தான்."

பைப்பை ஓங்கியவன் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் ஊசி போட்டுக்கிறேன். ரொம்ப வருசமா" என்றாள் வினோதினி. "எம்புள்ளைக்கும் நான்தான் பழக்கிவிட்டேன். இந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது."

"நெனச்சேன்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சர்க்கரைன்னு அன்னைக்கு என்னமா நடிச்சா பாத்தியா!"

"ஆத்தாளும் மகனும் சேந்தே போட்டுருக்காய்ங்கடா..."

ஆதிஷைக் கீழே போட்டார்கள். அவன் தாய் ஓடிவந்து அவனை இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் வினோதினியைச் சூழ்ந்தது. அவள் ஓடவில்லை. முதல் அடியில் தாடை விலகியது, இரண்டாவதில் விழுந்தாள். இளம்பரிதி ரத்தத்தோடு தவழ்ந்து வந்து அவள்மேல் கவிழ்ந்து படுத்தார். மிச்ச அடிகள் அவர் முதுகில் விழுந்தன. முகாம் வண்டி வந்ததால் இருவருக்கும் உயிர் மிஞ்சியது.

வண்டியின் தகரத் தரையில் அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இளம்பரிதி. அவரையும் இறக்கிவிடப் பார்த்தார்கள், அவர் இறங்கவில்லை. மேலூர் ரோட்டில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அவள் வாயிலிருந்து ரத்தம் வழிந்தது.

"ஏங்க்கா அப்படிச் சொன்ன? அவன் பேரக் காப்பாத்தத்தான இம்புட்டும் செஞ்ச. இப்ப ஒன் வாயாலயே..."

"அந்தப் பையனோட அம்மா என்னையவே பாத்துக்கிட்டிருந்தாடா" என்றாள். வார்த்தைகள் குழறின. "நீ நெசத்தச் சொன்ன, ஒருத்தன் நம்பல. நான் அன்னைக்குக் கத்துனதையும் நம்பல. இன்னைக்குச் சொன்னத எவனாச்சும் ஒரு கேள்வி கேட்டானா பாத்தியா?"

அவர் அவள் வாயைத் துடைத்துவிட்டார். முகாம் வாசலில் வண்டி திரும்பியபோது டிரைவரின் வயர்லெஸ் கரகரத்தது. ஆலடித்தோப்பில் சங்கு நின்றுவிட்டது, தண்ணீர் வந்துவிட்டது, சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறீர்கள் என்று சொன்னார்கள்.